'ஒன்லி' எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அனுப்பியவர் பெயரை மறைத்துவிட்டு ஓர் இங்கிலீஷ் மின்னஞ்சலைக் கையில் கொடுத்தாலும், எழுதியவர் நம் நாட்டுக்காரர் என்று பல நேரம் சொல்லிவிடலாம். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ஒன்லி' சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'ஒன்லி' சில இடங்களில் அர்த்தத்தையே திருப்பிவிடுகிறது. அங்கே கவனம் தேவை.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்த அறிகுறிக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். இங்கிலீஷ் 'ஒன்லி' கதவைச் சாத்துகிற சொல்: 'இது உண்டு, மற்றது கிடையாது.' நம் 'தான்' அப்படியல்ல. அது சில நேரம் கதவைச் சாத்தும். பல நேரம் வெறுமனே விரலை நீட்டிக் காட்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, நீட்டிய விரலை இங்கிலீஷ்காரர் சாத்திய கதவாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

அறிகுறி 1: நீங்கள் சொன்னது ஒன்று, எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தது வேறு

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், 'ஃபைல் வரவே இல்லையே' என்று எழுதுகிறார். சென்னையில் இருப்பவர் மனதில் ஓடுவது: 'உங்களுக்குத்தான் சார் அனுப்பினேன்.' விரலில் வருவது: 'ஐ செண்ட் இட் டு யூ ஒன்லி.' அந்தப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன், வேறு யாருக்கும் அனுப்பவில்லை. உடனே பதில் வருகிறது: என் டீமில் மற்றவர்களுக்கு ஏன் அனுப்பவில்லை? நம்மவர் பதறிப்போய், 'அவங்களுக்கும்தான் சார் அனுப்பினேன்' என்பதை இங்கிலீஷாக்குகிறார்: 'ஐ செண்ட் இட் டு தெம் ஆல்ஸோ ஒன்லி.' இதைப் படித்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'ஆல்ஸோ' என்றால் இன்னொருவரையும் சேர்க்கிறது. 'ஒன்லி' என்றால் எல்லாரையும் விலக்குகிறது. தமிழில் '-உம்', 'தான்' இரண்டும் ஒரே சொல்லில் சண்டையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்டாது.

சோதனை எளிது. உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'தான்' இருக்கும் இடத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். அர்த்தம் மாறவில்லை என்றால் 'ஒன்லி' சரி. அர்த்தம் மாறினாலோ வாக்கியம் அசட்டுத்தனமாக ஒலித்தாலோ 'ஒன்லி'யைத் தொடாதீர்கள். 'நான் மதுரைதான்' என்பது 'நான் மதுரை மட்டும்' ஆகாது. ஆகவே 'ஐ ஆம் ஃப்ரம் மதுரை ஒன்லி' தேறாது. 'ஐ ஆம் ஃப்ரம் மதுரை' போதும். 'பத்து ரூபாய்தான் இருக்கு', 'பத்து ரூபாய் மட்டும் இருக்கு' இரண்டும் ஒன்றே. 'ஐ ஹேவ் ஒன்லி டென் ருபீஸ்' தேறும்.

நேரம், நாள் வரும் வாக்கியங்களுக்கு இந்தச் சோதனை வேலை செய்யாது. அதற்கு அறிகுறி 2 இருக்கிறது.

சரி, 'ஒன்லி'யை எடுத்துவிட்டால் அந்த அழுத்தத்தை எங்கே வைப்பது? இங்கிலீஷில் அழுத்தம் பெரும்பாலும் குரலில் இருக்கிறது, தனிச் சொல்லில் இல்லை. 'அவன்தான் எடுத்தான்' என்பதைப் பேச்சில் 'ஹீ டுக் இட்' என்று 'ஹீ'யை ஓங்கிச் சொன்னால் முடிந்தது. எழுத்தில் குரல் இல்லாததால் 'இட் வாஸ் ஹிம்' என்றோ 'ஹி இஸ் தி ஒன் ஹூ டுக் இட்' என்றோ வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள். மற்றபடி 'தான்' வரும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி மாற்று இருக்கிறது. 'இங்கேதான் இருக்கேன்' என்றால் 'ஐ ஆம் ரைட் ஹியர்'. 'அதேதான்' என்றால் 'எக்ஸாக்ட்லி'. 'அப்படித்தான்' என்றால் 'தட்ஸ் ஹௌ இட் இஸ்'. ஃபைல் விவகாரத்தில் வேண்டியது 'ஐ டிட் செண்ட் இட் டு யூ'. அந்த 'டிட்'தான் அங்கே நம் 'தான்' செய்யும் வேலையைச் செய்கிறது.

'நல்லாத்தான் இருக்கு' கொஞ்சம் வில்லங்கமானது. சாம்பாரைச் சுவைத்துவிட்டு ஒருவர் 'நல்லாத்தான் இருக்கு' என்றால், பின்னால் ஒரு 'ஆனா' வரப்போகிறது என்று சமைத்தவருக்குத் தெரியும். இதை 'இட் இஸ் குட் ஒன்லி' என்று சொன்னால் அந்த 'ஆனா' போய்ச் சேராது. 'இட்ஸ் ஆல்ரைட்' என்று கொஞ்சம் இழுத்துச் சொல்வதே கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரும்.

இடையில் ஒரு பேச்சு. வாக்கியக் கடைசி 'ஒன்லி' தமிழருக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தியில் 'ஹீ' என்ற சிறு ஒட்டு ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதால், வடக்கத்திக்காரரும் 'ஹியர் ஒன்லி' என்றுதான் சொல்வார். மொழியியலாளர்கள் இதை இந்திய இங்கிலீஷின் தனிப் பயன்பாடாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் சக ஊழியரிடம் இப்படிப் பேசினால் ஒரு சேதமும் இல்லை. அவருக்குச் சரியாகவே புரியும். மான்செஸ்டரில் இருப்பவருக்கும் சிகாகோவில் இருப்பவருக்கும் எழுதும்போதுதான் மேற்படி சோதனை தேவை. தேர்வுத்தாளிலும் தேவை, ஏனென்றால் திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் இந்தப் பயன்பாடு இருக்காது.

அறிகுறி 2: தாமதமாக வந்ததைச் சொன்னீர்கள், அது எதிராளிக்கு விளங்கவில்லை

நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு 'தான்' சேர்ந்தால் 'அதற்கு முன்னால் இல்லை' என்ற பொருள் வருகிறது. 'பத்து மணிக்குத்தான் ஆபீஸ் திறப்பாங்க' என்றால் ஒன்பதரைக்குப் போய் நிற்காதே என்று அர்த்தம். இங்கிலீஷ் 'ஒன்லி'க்கும் இந்தப் பொருள் உண்டு. ஆகவே சொல் சரி, தவறுவது இடம். 'தி ஆபீஸ் ஓபன்ஸ் அட் டென் ஒன்லி' என்று கடைசியில் வைத்தால், பத்து மணிக்கு மட்டும் ஒருமுறை திறந்து மூடிவிடுவார்களோ என்று குழப்பம் வரும். 'தி ஆபீஸ் ஓபன்ஸ் ஒன்லி அட் டென்' கொஞ்சம் தேவலை. இங்கிலீஷ்காரர் இயல்பாகச் சொல்வது 'தி ஆபீஸ் டஸின்ட் ஓபன் டில் டென்'. எதிர்மறை வினையும் 'டில்'லும் சேர்ந்து நம் நேரத்துத் 'தான்' ஆகிவிடுகின்றன. இந்த ஒரு வடிவத்தைப் பழக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்: 'ஹி டிடின்ட் கால் டில் நைட்' என்றால் ராத்திரிதான் போன் பண்ணினார்.

'இப்பதான் வந்தேன்' என்பதற்கு 'நௌ ஒன்லி ஐ கேம்' கூடாது. 'ஐ ஹேவ் ஜஸ்ட் கம்' அல்லது 'ஐ ஜஸ்ட் காட் ஹியர்'. 'நேத்துதான் பார்த்தேன்' என்பதற்கு மட்டும் 'ஐ சா ஹிம் ஒன்லி யெஸ்டர்டே' கச்சிதம். 'ஒன்லி யெஸ்டர்டே' அவர்களே நாள்தோறும் சொல்வது.

இதே குடும்பத்தில் எதிர்த்திசைக் கோளாறு ஒன்றும் உண்டு. 'நேத்தே அனுப்பிட்டேன்' என்னும்போது அந்த 'ஏ' சீக்கிரத்தைக் காட்டுகிறது: நீங்கள் இன்றைக்குக் கேட்கிறீர்கள், வேலை நேற்றே முடிந்தது. 'நேத்துதான் அனுப்பினேன்' தாமதத்தைக் காட்டுகிறது: முன்பே அனுப்பியிருக்க வேண்டும், மன்னிக்கவும். ஒரு சிறு ஒட்டில் பெருமையும் மன்னிப்பும் இடம் மாறிவிடுகின்றன. 'யெஸ்டர்டே ஒன்லி ஐ செண்ட்' என்று எழுதினால் இரண்டில் எது என்று தெரியாது. பெருமைக்கு 'ஐ ஆல்ரெடி செண்ட் இட் யெஸ்டர்டே'. மன்னிப்புக்கு 'ஐ செண்ட் இட் ஒன்லி யெஸ்டர்டே, ஸாரி'. நம்மூரில் பெருமைக்கு 'யெஸ்டர்டே இட்ஸெல்ஃப்' என்பார்கள். அதுவும் இந்தியாவுக்குள் செல்லும், வெளியே கொஞ்சம் விழிப்பார்கள்.

அறிகுறி 3: நோட்டீஸ் போட்டீர்கள், ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள்

ஓர் அலுவலக வாசலில் இப்படி ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'எம்ப்ளாயீஸ் மே ஒன்லி பார்க் ஹியர் ஆன் சண்டேஸ்.' இதைப் பிடிவாதமாகப் படிப்பவர் மூன்று விதமாகப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வண்டி நிறுத்தலாம், கழுவக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இங்கே மட்டும்தான் நிறுத்தலாம், வேறெங்கும் கூடாது. இங்கே நிறுத்துவதானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

காரணம், 'ஒன்லி' வினைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பின்னால் வரும் எதை வேண்டுமானாலும் தொட முடியும். தமிழில் இந்தச் சிக்கல் வராது. 'தான்', 'மட்டும்' எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுகிறதோ அதைத்தான் பிடிக்கும். இங்கிலீஷில் திசை நேர் எதிர்: 'ஒன்லி' பொதுவாகத் தனக்கு அடுத்து வருவதைப் பிடிக்கும். ஒரே வாக்கியத்தில் அதை நகர்த்திப் பாருங்கள். அடிப்படை வாக்கியம், 'மாலா லென்ட் ரவி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்.'

'ஒன்லி மாலா லென்ட் ரவி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்': மாலா மட்டும்தான் கொடுத்தாள், மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.
'மாலா ஒன்லி லென்ட் ரவி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்': கடனாகத்தான் கொடுத்தாள், தானமாக இல்லை.
'மாலா லென்ட் ஒன்லி ரவி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்': ரவிக்கு மட்டும், தம்பி கேட்டான், கொடுக்கவில்லை.
'மாலா லென்ட் ரவி ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்': ஐநூறுதான் கொடுத்தாள், அவன் கேட்டது ஆயிரமாக இருக்கலாம்.

இரண்டாவது வாக்கியம் தந்திரமானது. பேச்சில் 'ஃபைவ் ஹண்ட்ர'டை ஓங்கிச் சொன்னால் அது நாலாவது வாக்கியத்தின் அர்த்தத்தைக் கொடுக்கும். இங்கிலீஷ்காரர் பேசும்போது 'ஒன்லி'யை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு மிச்சத்தைக் குரலிடம் விட்டுவிடுவார். இது தப்பு என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் லௌத் போன்ற இலக்கணக்காரர்கள் குற்றம் கண்டார்கள். 1926இல் இங்கிலீஷ் வழக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபவுலர் அந்தக் கட்சிக்கு எதிராக எழுதினார். 'ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ' என்று சொல்பவரைப் பிடித்துத் திருத்துவது வீண் வேலை, கேட்பவருக்கு அர்த்தம் தெளிவாகவே இருக்கிறது என்பது அவர் வாதம். ஒரு வாரம் முன்னால்தான் இறந்தார் என்பதே அந்த வாக்கியம். 'செத்தார், வேறொன்றும் செய்யவில்லை' என்று யாரும் படிக்கமாட்டார்கள். நான் ஃபவுலர் பக்கம். பேசும்போது இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒப்பந்தம், நோட்டீஸ், தேர்வு விடை என்று எழுத்தில் நிற்கப்போவது என்றால், கட்டுப்படுத்த வேண்டிய சொல்லுக்கு ஒட்டினாற்போல முன்னால் வையுங்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பார்க்கிங் பலகையைத் திருத்துகிறேன் என்று 'எம்ப்ளாயீஸ் மே பார்க் ஹியர் ஒன்லி ஆன் சண்டேஸ்' என்று எழுதினால் இலக்கணப்படி சரி. ஆனால் நம்மூர்க் கண், 'ஹியர் ஒன்லி' வரை படித்து 'இங்கேதான் நிறுத்தணும்' என்று முடிவு கட்டிவிடும். 'ஒன்லி'யைப் பின்னோக்கி ஒட்டிப் பழகிய கண் அது. இரு தரப்பும் படிக்கும் பலகை என்றால் 'பார்க்கிங் ஃபார் எம்ப்ளாயீஸ்: சண்டேஸ் ஒன்லி' என்று உடைத்துவிடுங்கள்.

அறிகுறி 4: வாக்குறுதி கொடுக்காமலே வாக்குறுதி கொடுத்துவிட்டீர்கள்

'டெஸ்ட்டில் பாஸானால் எடுத்துக்கொள்வோம்' என்பது வாக்கு. பாஸானவர் வந்து வேலை எங்கே என்று கேட்கலாம். 'பாஸானால்தான் எடுத்துக்கொள்வோம்' என்பது தடை. பாஸாகாதவர் வரவே வேண்டாம். பாஸானவருக்கு இன்னும் இன்டர்வியூ பாக்கி இருக்கலாம். தமிழில் இந்த வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும்: 'சாப்பிட்டால்தான் விளையாட விடுவேன்' என்ற அம்மா, சாப்பிட்ட பிறகு 'ஹோம்வொர்க் எங்கே?' என்று கேட்பாள்.

இங்கிலீஷில் முதலாவது 'இஃப்', இரண்டாவது 'ஒன்லி இஃப்'. விதிமுறை எழுதும்போது 'ஒன்லி'யை விட்டுவிட்டால் தடை வாக்காகிவிடும். 'ரீஃபண்ட் வில் பி கிவன் இஃப் தி பில் இஸ் ப்ரொட்யூஸ்ட்' என்று போட்டுவிட்டு, பில்லோடு வந்தவரிடம் 'டப்பாவைப் பிரித்துவிட்டீர்களே' என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் இறுக்க வேண்டும் என்றால் 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்', கணக்கில் 'எனில், எனில் மட்டுமே' என்று வருவது. அன்றாடக் கடிதத்தில் அதைப் போட்டால் கணக்கு வாத்தியார் எழுதினாற்போல இருக்கும்.

சொற்களைத் திருப்பிப் போட்டு 'இஃப் ஒன்லி' என்றால் அது நிபந்தனையே இல்லை, ஏக்கம். 'இஃப் ஒன்லி ஐ ஹேட் எ கார்' என்றால் கார் இல்லை. 'ஒரு கார் மட்டும் இருந்திருந்தா...' என்று பெருமூச்சு விடுகிறார். இப்போதைய ஏக்கத்துக்கும் வினை இறந்தகாலத்தில் நிற்கும். இதில் 'மட்டும்' நம் மொழியிலும் அப்படியே வருவதைக் கவனியுங்கள். இந்த ஓரிடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன.

அறிகுறி 5: 'ஒன்லி'யில் தொடங்கிய வாக்கியத்தில் சிவப்பு மை

போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிக்குப் பிடித்தமான இடம் இது. நேரம், இடம், நிபந்தனை சொல்லும் பகுதியோடு 'ஒன்லி' வாக்கியத்தின் முன்னால் வந்துவிட்டால், பின்னால் வரும் முதன்மை வாக்கியம் கேள்வி வாக்கியம் போலப் புரளும். 'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்.' 'ஒன்லி ஆஃப்டர் தி எக்ஸாம் டிட் ஷி ஸ்லீப்.' 'ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்' என்றால் மார்க் போகும்.

புரள வேண்டியது எது என்பதில்தான் பலர் தடுக்குகிறார்கள். 'ஒன்லி வென் தி ரெய்ன் ஸ்டாப்ட் டிட் வி லீவ்': மழை நின்ற பகுதி நேராக நிற்கிறது, கிளம்பிய பகுதி புரள்கிறது. 'ஒன்லி' எழுவாயைப் பிடித்தால் ஒன்றும் புரளாது: 'ஒன்லி ரவி நோஸ் தி வே.' வாட்ஸப் குரூப்பில் வரும் 'ஒன்லி அட்மின்ஸ் கேன் செண்ட் மெசேஜஸ்' இந்த வகை. அதை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

'நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ' தனித் தலைவலி. 'அவருக்குத் தமிழ் மட்டுமல்ல, தெலுங்கும் தெரியும்' என்பதை 'ஹி நாட் ஒன்லி நோஸ் தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு' என்று எழுதுகிறார்கள். 'மட்டுமல்ல' ஒட்டியிருப்பது தமிழோடு, தெரியும் என்பதோடு இல்லை. ஆகவே 'ஹி நோஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு.' இரண்டு துண்டுக்கும் பின்னால் ஒரே வகைச் சொல் வர வேண்டும்: பெயர் என்றால் பெயர், வினை என்றால் வினை. இரண்டு எழுவாய் வந்தால் வினை பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்: 'நாட் ஒன்லி தி டீச்சர் பட் ஆல்ஸோ தி ஸ்டூடண்ட்ஸ் வேர் ப்ரெஸண்ட்.'

அறிகுறி 6: படிக்கும்போது 'மட்டும்' போட்டால் வாக்கியம் உளறுகிறது

இது எழுதுவதில் வரும் கோளாறு இல்லை, படிப்பதில் வருவது. 'ஐ ரேன் டு தி ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் தட் தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' இதை 'ரயில் போய்விட்டது என்று கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஸ்டேஷனுக்கு ஓடினேன்' என்று மொழிபெயர்த்தவர்களை அச்சிலேயே பார்க்கலாம். யாராவது அதற்காக ஓடுவார்களா? இங்கே 'ஒன்லி டு' நோக்கம் சொல்லவில்லை, ஏமாற்றம் சொல்கிறது. நமக்கு இதற்குத் தயாராக ஒரு வாக்கிய அமைப்பே இருக்கிறது: 'அடிச்சுப் பிடிச்சு ஓடிப்போய்ப் பார்த்தால், ரயில் போய்விட்டது.' அந்தப் 'பார்த்தால்' முழுச் சுமையையும் தூக்கிக்கொள்கிறது.

'ஐ ஆம் ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்' என்று யாராவது பதில் எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ரொம்ப சந்தோஷம், தாராளமாகச் செய்கிறேன்' என்கிறார். 'ஐ நோ ஒன்லி டூ வெல்' என்றால் வேறு சுருதி: 'அது எனக்கு நல்லாவே தெரியும்', கொஞ்சம் கசப்போடு.

'ஐ வுட் கம், ஒன்லி ஐ ஹேவ் நோ டைம்' என்பதில் 'ஒன்லி' என்றால் 'ஆனா'. அவ்வளவே.

அறிகுறி 7: பிள்ளையைப் பற்றிச் சொல்லப்போய் வயது பிசகியது

'ஹி இஸ் ஒன்லி எ சைல்ட்': அவன் குழந்தைதானே, விடுங்கள். 'ஹி இஸ் ஆன் ஒன்லி சைல்ட்': அவனுக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கை கிடையாது, வயது நாற்பதாகவும் இருக்கலாம். 'ஆன்' எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். 'ஹி இஸ் மை ஒன்லி சன்' என்றால் எனக்கு ஒரே மகன். 'ஹி இஸ் ஒன்லி மை சன்' என்றால் 'அவன் என் மகன்தான், வேறு யாருமில்லை' என்று யாரோ பெரிய ஆளை எதிர்பார்த்தவரிடம் சொல்வது போல ஆகும். 'ஹி இஸ் மை சன் ஒன்லி' என்று பள்ளிக்கூட இன்டர்வியூவில் ஓர் அப்பா சொன்னால், பிள்ளை யாருடையது என்று யாரோ சந்தேகம் கிளப்பியதாகத்தான் வெளியூர்க்காரர் நினைப்பார். 'ஒரே' என்று தமிழில் வரும் இடத்தில் இங்கிலீஷில் 'ஒன்லி' பெயருக்கு முன்னால், 'தி', 'மை', 'ஆன்' ஆகியவற்றுக்குப் பின்னால் நிற்கும்.

அறிகுறி 8: கடைசியில் வந்த 'ஒன்லி'யை எடுத்துவிட்டீர்கள், செக் திரும்பிவிடுமோ என்று பயம்

பயம் நியாயமே, எடுக்காதீர்கள். 'ருபீஸ் ஃபைவ் தௌஸண்ட் ஒன்லி' சரியான வழக்கு; தமிழ் ரசீதில் 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்' என்று எழுதுகிறோமே, அதே வேலை. தொகைக்குப் பின்னால் வேறொருவர் எழுத்தைச் சேர்த்துவிட முடியாமல் அந்தச் சொல் அடைக்கிறது. எழுத்தில் உள்ள தொகை முக்கியம் என்பதால் இந்த எச்சரிக்கை: 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. அமெரிக்காவில் 'ஒன்லி' எழுதுவது வழக்கமில்லை. மிச்சச் சென்டை நூறின் பின்னமாக எழுதி, மீதி இடத்தில் கோடு இழுத்துவிடுவார்கள். செக்கின் மூலையில் இரண்டு கோட்டுக்கு நடுவே வரும் 'அக்கௌண்ட் பேயீ ஒன்லி'யும் இப்படியே கடைசி 'ஒன்லி'தான்.

பலகைகளிலும் லேபிள்களிலும் கடைசி 'ஒன்லி' உலகம் முழுக்கச் செல்லும்: 'லேடீஸ் ஒன்லி', 'ஸ்டாஃப் ஒன்லி', மருந்துப் புட்டியில் 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி'. இவை முழு வாக்கியங்கள் இல்லை, கட்டளைத் துணுக்குகள். அங்கே 'மட்டும்' போலவே பின்னால் நிற்க உரிமை உண்டு. ஆக, கடைசியில் நின்றாலே தவறு என்ற விதி கிடையாது. 'மட்டும்' சோதனையில் தேறுகிறதா என்பதே கேள்வி.

உச்சரிப்பு பற்றி ஒரு வரி: முதல் எழுத்தைக் குறுக்கி 'ஒன்லி' என்கிறோம், அவர்கள் வாயில் அது 'ஓன்லி'க்குப் பக்கத்தில் இருக்கும். 'ஒன்' என்ற எண்ணின் பழைய ஒலி 'அலோன்', 'ஓன்லி' இரண்டிலும் தங்கிவிட்டது. எண்தான் பின்னால் 'வன்' என்று மாறிப்போனது.

அறிகுறி 9: மருந்து அதிகமாகிவிட்டது

'ஒன்லி' சொன்னால் கேலி செய்வார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட, சிலர் அந்தச் சொல்லையே விட்டுவிடுகிறார்கள். இது முதல் கோளாறைவிட மோசம். 'ஐ காட் யுவர் மெயில் யெஸ்டர்டே' என்று எழுதிவிட்டு, ஏன் பதில் தாமதம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். 'நேத்துதான் வந்துச்சு' என்ற அவர்கள் நியாயம் அந்த விடுபட்ட 'ஒன்லி'யில் இருந்தது. 'வி ஹேவ் த்ரீ பீப்பிள்' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் மூன்று பேர் இருக்கிறார்கள், வேலை நடக்கும் என்று அவர் நினைப்பார். 'வி ஹேவ் ஒன்லி த்ரீ பீப்பிள்' என்றால்தான் ஆள் பற்றாக்குறை தெரியும், கெடுவை ஒரு வாரம் தள்ளிப்போடச் சம்மதிப்பார். எண்ணுக்கு முன்னால், 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' போன்ற நாளுக்கு முன்னால், 'இஃப்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்' ஆகியவற்றுக்கு முன்னால் வரும் 'ஒன்லி'யில் கை வைக்காதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் வாக்கியத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லி, பின்னால் 'அவ்வளவுதான்' அல்லது 'அதுக்கு முன்னாடி இல்ல' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'ஒன்லி'யை அதன் இடத்தில் விட்டுவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள்.